மூன்றாம் வரைவில் போன விரல்

1

இந்தக் கதை எனக்கு ஈரத் தரையில் கிடைத்தது. ஐம்பத்தெட்டு வயதில் நீச்சல் கற்கப் போய், குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தேன். நீச்சல் மாஸ்டர் வெறுங்காலோடு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் நடந்த வெள்ளை ஓடுகளில் வரிசையாகச் சிவப்புத் திட்டுகள்.

"மாஸ்டர், கால்ல ரத்தம்!"

"யாருக்கு?" என்றார்.

அந்த "யாருக்கு?"தான் என்னை எழுத உட்காரவைத்தது. இனி நான் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அவரும் அவர் மனைவியும் சொன்னது. சொல்லாமல் விட்ட இடங்களில் மட்டும் நான் கைவைத்திருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சர்க்கரை நோய் என்பது ஓசைப்படாமல் வந்து..."

அடித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் துண்டுப் பிரசுரம் மாதிரி இருந்தது. பொய்யும்கூட. மாஸ்டருக்கு அது சொல்லிக்கொண்டுதான் வந்தது. டாக்டர் பதினோரு வருடத்துக்கு முன்பே மாத்திரை எழுதிக் கொடுத்தார். நினைவு வந்தால் போடுவார், மறந்தால் நாளைக்கு. தினம் நாலு மணி நேரம் தண்ணீரில் கிடக்கிறவனுக்கு நோயாவது ஒன்றாவது என்று ஓர் எண்ணம்.

3

உடைந்த ஓடு ஒன்று கட்டைவிரலுக்கு அடியில் ஆழமாகக் கிழித்திருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டுப்போட்டார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையை எடுத்துக்கொண்டார்.

"பாதத்துல தொடுவேன். தெரியறப்ப சொல்லுங்க."

மாஸ்டர் காத்திருந்தார். நேரம் போயிற்று.

"ஆரம்பிக்கலாமே, சிஸ்டர்?"

"முடிச்சிட்டேன் சார்."

(இங்கே அவர் முகத்தை வர்ணித்து ஆறு வரி எழுதியிருந்தேன். கூடப் போயிருந்த மனைவி அப்போது அவர் முகத்தையே பார்க்கவில்லையாம், பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆறு வரியும் போயிற்று.)

"ஆழமான புண்ணு, சுலபமா கிருமி சேந்துடும்," என்றார் டாக்டர். "இப்பவே கவனிச்சா விரல் தப்பும்."

4

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அன்று மாலை கடையிலிருந்து முகம் பார்க்கும் பழைய கைக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். கீழே உட்கார்ந்து அதை அவர் பாதத்துக்கு அடியில் பிடித்தார். மாஸ்டர் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

"வேணாம். நீ போய் என் கால..."

"எல்லார் காலையும் பாத்து 'மடக்காத, நீட்டு'ன்னு கத்துறீங்க. உங்க காலப் பாக்க மட்டும் ஆளில்ல. நீட்டுங்க!"

நீட்டினார்.

அன்றிலிருந்து காலையில் கைவிரல் நுனியில் ஊசி, ஒரு சொட்டு ரத்தம், நோட்டில் ஓர் எண். வேளை தவறாமல் மாத்திரை. தட்டில் சோறு பாதி, சண்டை மீதி. மாலையில் கண்ணாடி. விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. செருப்பை உதறிப் பார்க்காமல் போடக் கூடாது. தண்ணீரில் இறங்கவே கூடாது. அதுதான் அவரை வதைத்தது. ஒருநாள் கட்டோடு நீச்சல் குளம் வரை போய், வாசலில் நின்று குளோரின் வாசனையை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

எட்டாவது வாரம் புண் ஆறியது.

5

ஆறிவிட்டது, சரி. ஆனால் கதை? ஒன்றும் நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு மனிதர் நாள் முழுக்கப் பாடுபடுகிறார். எழுதுகிறவனுக்கோ ஏதாவது நடந்தாக வேண்டும். மூன்றாம் வரைவில் மாஸ்டரின் கால்விரலை எடுத்துவிட்டேன். சோகம் நன்றாகவே வந்திருந்தது. அதை அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்ப் படித்தும் காட்டினேன். (எனக்கு வெட்கம் கொஞ்சம் கம்மி.)

மாஸ்டர் கடைசி வரை கேட்டார். பிறகு வலது காலைத் தூக்கி என் முன்னால் இருந்த முக்காலியில் வைத்தார்.

"இதுக்காக எட்டு வாரம் தண்ணியில எறங்கல சார். நீங்க ஒரே வரியில வெட்டிட்டீங்க."

மனைவி நோட்டைப் புரட்டினார்.

"இன்னிக்குக் காலைல சுகர் நூத்தி இருபத்தாறு. அத எழுதுங்க. நேத்து ராத்திரி இன்னொரு கரண்டி சோத்துக்கு இவரு என்னா சண்ட போட்டாரு! அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

6

மாஸ்டர் இப்போது ரப்பர் செருப்போடுதான் ஓடுகளின் மேல் நடக்கிறார். போன மாதம் இரண்டு நாள் கண்ணாடி பார்க்காமல் ஏமாற்றியிருக்கிறார், மனைவி இரண்டு நாளும் பேசவில்லை. அடுத்த வாரம் சர்க்கரைக்கான கண் பரிசோதனை. முடிவு தெரிந்த பிறகு கதையை முடிக்கட்டுமா என்று கேட்டேன்.

"அது எங்க முடியும்? வருஷா வருஷம் வரும்," என்றார் மனைவி.

ஆகவே என்னால் ஆகாது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவரைக் கோபப்பட வையுங்கள், அலுத்துக்கொள்ள வையுங்கள், திருட்டுத்தனமாக ஒரு கரண்டி சோறுகூடப் போட்டுக்கொள்ளட்டும். விரலை மட்டும் தொடாதீர்கள். பத்தும் இருக்கின்றன. எண்ணிவிட்டுத்தான் வந்தேன்.