மணிவாசகம் சொன்ன ‘ம்’

சனிக்கிழமை காலையில் ரஞ்சனா இட்லி ஊற்றினால் கருவாட்டுத் தொக்கு கட்டாயம் உண்டு. மான்ட்ரியலின் வில்லரே பகுதியில் அவளும் கணவனும் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டின் ஜன்னல்களைக் குளிர்காலத்தில் திறக்க முடியாது. தொக்கு வாசம் திங்கட்கிழமை வரை சோபாவிலும் கோட்டிலும் தங்கிவிடும். அதைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல் மணிவாசகமும் உஷாவும் விமான நிலையத்தை ஒட்டிய டோர்வலிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். உஷா கையில் ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கும். வரும்போது அதில் முறுக்கோ அதிரசமோ வரும், திரும்பும்போது தொக்கு போகும். அந்த டப்பா இரண்டு வீட்டுக்கும் ஒருநாளும் காலியாகப் போனதில்லை.

மணிவாசகம் ஓய்வு பெறப் போகும் சிவில் என்ஜினியர். ரஞ்சனாவின் கணவன் சுஹாஸுக்கு டவுன்டவுனில் கம்ப்யூட்டர் வேலை. வயதில் ஒரு தலைமுறை வித்தியாசம் இருந்தாலும் இருவருக்கும் சொந்த ஊர் மதுரைப் பக்கம். முழங்கால் ஆழத்துக்குப் பனி கொட்டும் ஊரில் பழகுவதற்கு அந்த ஒரு காரணமே தாராளமாகப் போதும்.

மதுரையில் மணிவாசகத்துக்கு ஒரு பிளாட் இருந்தது. ரிட்டயர் ஆனதும் திரும்பிப் போய் வாழ்வதற்காக வாங்கியது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் எல்லோருமே திரும்பிப் போகிறவர்கள்தான், ஆனால் எப்போதும் அடுத்த வருஷம். மகளுக்கு இங்கேயே கல்யாணமாகி, பேரனும் பிறந்த பிறகு உஷா ஒருநாள் உண்மையைப் பேசினாள். “நாம போகப் போறதில்லைங்க. பூட்டி வச்சு யாருக்கு?” அதைக் கேள்விப்பட்ட அன்றே சுஹாஸ் கேட்டான், “அங்கிள், அதை எங்கம்மாவுக்குக் குடுங்களேன்.”

சுஹாஸின் அம்மா நல்லம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு குளிர்காலம் மகனோடு மான்ட்ரியலில் இருந்து பார்த்துவிட்டு, “இங்க செத்துக் கிடந்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாதுடா” என்று விமானம் ஏறியவர். மதுரையில் வாடகை வீடு மாறி மாறி அலுத்துப் போயிருந்தார். வீட்டுக்காரர்கள் முதலில் நர்ஸம்மா என்று கும்பிடுவார்கள். பிறகு சொந்த ஊர் எது என்பார்கள், ஊரில் எந்தத் தெரு என்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களுடைய சொந்தக்காரர் யாரோ திடீரென்று அந்த வீட்டுக்குக் குடிவரப் போவதாகச் சொல்வார்கள். மணிவாசகத்துக்கு இந்தக் கதை தெரியாது. சுஹாஸ் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. மான்ட்ரியலில் இட்லி சாப்பிட அதெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

அந்த மார்கழிச் சனிக்கிழமை, நல்லம்மா பிளாட்டைப் பார்க்கப் போயிருந்தார். இங்கே காலை, அங்கே ராத்திரி சாப்பாட்டு நேரம். எதிர்வீட்டில் கொடுத்து வைத்திருந்த சாவியை வாங்கித் திறந்துவிட்டு வீடியோ காலில் வந்தார். சமையலறையைப் பார்த்தார், குழாயைத் திருகிப் பார்த்தார், பிறகு நேராகப் பால்கனிக்குப் போய் போனை வெளியே நீட்டிப் பிடித்தார்.

மதுரை அப்படியே வில்லரேக்குள் வந்து இறங்கியது. பரோட்டாக் கடையில் கொத்து போடும் சத்தம், ஷேர் ஆட்டோ ஹாரன், முழம் போட்டுக் கூவும் பூக்காரம்மா, எங்கோ கோயில் மைக் செட். இட்லித் தட்டோடு நான்கு பேரும் வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இவ்வளவு சத்தமா இருக்கேம்மா, தூக்கம் வருமா?” என்றான் சுஹாஸ்.

“சத்தம் இருந்தாத்தான்டா தூக்கமே வரும். கீழ ஆளு நடமாட்டம் இருந்தா தனியா இருக்கோம்னு தோணாதுல்ல. எனக்கு இந்த வீடு போதும்.”

மணிவாசகத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. போனை வாங்கி, “அம்மா, இனிமே இது உங்க வீடு. தை பிறந்ததும் பத்திரம் பதிஞ்சிடலாம்” என்றார். நல்லம்மா அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உஷாவின் டப்பாவில் அன்றைக்கு ரஞ்சனா இன்னும் ஒரு கரண்டி தொக்கு கூடுதலாக வைத்தாள்.

அடுத்த வாரம் மணிவாசகம் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் மதுரையிலிருந்து கூப்பிட்டார். குளிரை விசாரித்தார், பேரனை விசாரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

“சார், வீடு பாக்க வந்த அந்தம்மாகிட்ட படிக்கட்டுல சும்மா பேச்சுக் குடுத்தேன். ஊர் எதுன்னு கேட்டேன், சொன்னாங்க. ஊர்ல எந்தத் தெருன்னு கேட்டேன், அதையும் மறைக்காம சொல்லிட்டாங்க. அப்புறம்தான் வெவரம் புரிஞ்சுச்சு. எனக்கு ஜாதியெல்லாம் கிடையாது சார், உங்களுக்கே தெரியும். ஆனா மத்தவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. நீங்க வித்துட்டு கனடாவுல இருப்பீங்க, நாங்கல்ல இங்க ஒண்ணா இருக்கணும். நம்ம ஆளுங்கள்லயே வேற ஒரு பார்ட்டி ரெடியா இருக்கு. என்ன சார் சொல்றீங்க?”

பனி அள்ளும் மண்வெட்டியைப் பிடித்திருந்த மணிவாசகத்தின் விரல்கள் மரத்துப் போயிருந்தன. தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்வாக இறங்கியது. அது போய் முடியும் வரை காத்திருந்துவிட்டு அவர், “ம்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. செயலாளருக்கு அது போதுமானதாக இருந்தது.

உள்ளே வந்து உஷாவிடம் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். “பாவங்க அந்தம்மா,” என்றாள். கொஞ்சம் கழித்து, “நாம என்ன பண்ண முடியும்? பிடிக்காதவங்க நடுவுல போய் இருந்தா அவங்களுக்கும் நிம்மதி இருக்காது. ஒரு வகையில அவங்க நல்லதுக்குத்தான்” என்றாள். இப்படி அடுத்தவர் நல்லதுக்காக நாம் செய்யும் அநியாயங்களுக்கு அளவே இல்லை.

மணிவாசகம் சுஹாஸை போனில் கூப்பிட்டு, விற்பதைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளிப் போட்டிருப்பதாகச் சொன்னார். “சரி அங்கிள்,” என்றான் சுஹாஸ். ஏன் என்று கேட்கவில்லை. மெட்ரோ வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டான். அவன் கேட்காததில் மணிவாசகத்துக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி ஏன் வந்தது என்று யோசிக்கத் தொடங்கி, யோசிக்காமல் விட்டுவிட்டார்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு காரணம் வந்தது. இவர்களுக்குப் பேரன், அவர்களுக்கு வேலை. மணிவாசகம் ஆபீஸ் போனார், வந்தார், பனி அள்ளினார், டிவி பார்த்தார். வருத்தமாக இருக்கிறதா என்று உஷா கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது. பல் பிடுங்க டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட மாதிரி, கன்னத்தைத் தொட்டால் அது தன் கன்னம் மாதிரியே இல்லை. பொங்கல் அன்று உஷா வைத்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, இனிப்பு போட்டாளா இல்லையா என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை ரஞ்சனா தனியாக வந்தாள். பஸ் பிடித்து வந்திருந்தாள். கையில் உஷாவின் டப்பா. அது அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் ஒருமுறை முறுக்கோடு அவர்கள் வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டிருந்தது.

“உள்ள வாம்மா, வாசல்லயே நிக்கற,” என்றாள் உஷா.

“இல்ல ஆன்ட்டி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. டப்பாவைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். தொக்கு வச்சிருக்கேன்.”

பூட்ஸைக் கழற்றாமல் நின்றாள். உஷாவுக்குப் பின்னால் வந்த மணிவாசகத்தைப் பார்த்து, “அங்கிள், அத்தை போன வாரம் அந்தப் பக்கம் போயிருக்காங்க. வீடு வித்தாச்சான்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டிருக்காங்க. செயலாளர் இறங்கி வந்து, ஓனரே உங்களுக்குக் குடுக்க வேணாம்னு சொல்லிட்டாருன்னு சொல்லியிருக்கார்” என்றாள்.

“நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா.”

“அத்தைக்குத்தான்னு சொன்னீங்களா?”

ரஞ்சனா டப்பாவை உஷா கையில் கொடுத்தாள். குரலை உயர்த்தவும் இல்லை, அழவும் இல்லை. கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், நாள் முழுக்கக் குழந்தைகளோடு பேசிப் பழகிய நிதானமான குரல் அவளுக்கு.

“எங்க வீட்டுத் தொக்கு உங்க வீட்டுக்குள்ள வரலாம் அங்கிள். எங்க அத்தை உங்க வீட்டுக்குள்ள வரக் கூடாது. இது எனக்குப் புரியலை. உங்களுக்குப் புரிஞ்சா சொல்லுங்க.”

அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போவதை இருவரும் திறந்த கதவோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுச் சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. உஷா டப்பாவைத் திறக்காமலே மேஜையில் வைத்தாள். அவள் அதன் மூடியிலிருந்து கையை எடுக்காமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் மணிவாசகத்துக்கு எங்கோ வலிக்க ஆரம்பித்தது. அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக அவர் செயலாளரைக் கூப்பிட்டார். “வீடு நல்லம்மாவுக்குத்தான். அந்த இன்னொரு பார்ட்டிகிட்ட சொல்லிடுங்க.”

“சார், மத்தவங்க பிரச்சினை பண்ணுவாங்க…”

“என் வீட்டை நான் யாருக்கு விக்கறதுன்னு சங்கம் சொல்ல முடியாது. இது உங்களுக்கும் தெரியும். எனக்கு அன்னைக்கே தெரியும். யாராவது அவங்களை ஒரு வார்த்தை சொன்னா நான் டிக்கெட் போட்டு வந்து போலீஸ் ஸ்டேஷன்ல உக்காருவேன்.”

அந்தப் பக்கமிருந்து “சரி சார், உங்க இஷ்டம்” என்று வந்தது. மணிவாசகம் போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவுதானா? ஒரு வாய்க் காபி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

அந்தச் சனிக்கிழமை இருவரும் வில்லரே போனார்கள். டப்பாவில் உஷா அதிரசம் நிறைத்திருந்தாள். மணிவாசகம் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார், தான் பொய் சொன்னது உட்பட. சுஹாஸ் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “என்கிட்ட எதுக்கு அங்கிள்? அம்மாகிட்டயே சொல்லுங்க” என்று போனைப் போட்டுக் கொடுத்தான்.

நல்லம்மா திரையில் வந்தார். பின்னால் வெள்ளையடித்த புதுச் சுவர். மணிவாசகம் சொல்லச் சொல்ல அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்போதுதான் மணிவாசகம் கவனித்தார், போனில் எந்தச் சத்தமும் இல்லை. ஆட்டோ இல்லை, கொத்துச் சத்தம் இல்லை, ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

“எங்கம்மா இருக்கீங்க?” என்று கேட்டார்.

“ரிங் ரோட்டைத் தாண்டி சார். பொட்டல்ல புதுசா கட்டுன வீடு. இந்த வாரம்தான் வாடகைக்கு வந்தேன். சுத்திலும் இன்னும் ஆளு வரல. அதனால கேக்கறதுக்கும் ஆளு இல்ல.”

“அந்த வீட்டுக்கு வந்துடுங்கம்மா. நான் எல்லாம் பேசிட்டேன். யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க.”

“வேணாம் சார்,” என்றார் நல்லம்மா. கோபமே இல்லாமல் சொன்னார். “அந்தப் படிக்கட்டுல நிக்க வச்சுக் கேட்டாங்க பாருங்க, இனிமே நான் ஏறும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். அடுத்து எங்களை மாதிரி யாராச்சும் கேட்டு வந்தா அவங்களுக்குக் குடுங்க.”

உஷா அழுதாள். ரஞ்சனா அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“தெருவக் கேக்கறவங்கள சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன்,” என்றார் நல்லம்மா. “அவங்க கொஞ்சப் பேருதான். அவங்களால மட்டும் இது இத்தனை காலம் ஓடல. அவங்க கேக்கறப்ப ‘ம்’னு சொல்லிட்டுப் போற நல்லவங்க நிறையப் பேரு இருக்கீங்க, உங்களாலதான் ஓடுது. இன்னைக்குப் பேசுனதை அன்னைக்கே பேசியிருந்தா நான் இப்ப பால்கனியில நின்னுக்கிட்டிருப்பேன்.”

பழக்கத்தில் ஒரு ‘ம்’ மணிவாசகத்தின் தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, “தப்பு என்னுதுதாம்மா” என்றார்.