படகில் ஏறினால் அழியும்

விடியற்காலை ஐந்தே காலுக்கு அவள் நூற்றுப் பதினெட்டாவது முறையாகப் படகில் ஏறினாள். படகு கணினித் திரையில்தான் இருந்தது. மணிக்கட்டு வலி மட்டும் நிஜம். ஏசிக் குளிரில் விரல்கள் விறைத்திருந்தன. ஆறிப்போன காப்பியின் கசப்பு நாக்கிலேயே நின்றது. நாலு வருடமாக உருவான கம்ப்யூட்டர் விளையாட்டு இன்னும் எட்டே நாளில் விற்பனைக்கு வருகிறது. அதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவளோடு சேர்த்து ஏழு பேரின் பிழைப்பு. திரையில் வரும் வீரனை ஒவ்வொரு சுவரிலும் உரசி நடக்கவிட்டு, எங்கே சுவருக்குள் விழுகிறான் என்று தேடுவார்கள். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனாலேயே பல்லி அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. கூப்பிட்டால் அவளும் சிரித்துக்கொண்டே திரும்புவாள்.

அன்று சிரிப்பு வரவில்லை. படகில் கால் வைக்கும் நொடியில் ஆட்டத்தைச் சேமித்தால், ஆடியவர் அதுவரை சேமித்த அத்தனையும் அழிந்துபோயிற்று. ஐந்து முறைக்கு ஒரு முறை. நாற்பது மணி நேரம் ஆடியவன் தலையில் கை வைக்க வேண்டியதுதான். பிழைப் பட்டியலில் எழுதி, ‘கடுமை’ என்று குறித்தாள். கடுமையான பிழை ஒன்றே ஒன்று இருந்தாலும் விளையாட்டை வெளியிட முடியாது. எழுதியவரே அதைச் ‘சிறியது’ என்று குறைத்தால்தான் உண்டு. அது அந்த நிறுவனத்தின் விதி.

பத்து மணிக்கு முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

“சரிபண்ண மூணு வாரம் ஆகுமாம். பணம் போட்டவங்க இந்தக் காலாண்டுக்குள்ள லாபத்தைக் கண்ணுல பாக்கணும்னு நிக்கறாங்க. பட்ஜெட்டும் அதோட தீருது. ‘சிறியது’ன்னு மாத்திடுங்க. வெளியான பிறகு சரிபண்ணிக்கலாம்.”

“யாரு சார் சரிபண்ணிப் பாக்கறது? வெளியான மறுநாளே எங்க ஏழு பேரோட ஒப்பந்தமும் முடியுதே.”

“உங்களுக்கு ஒரு வருஷம் நீட்டிச்சுத் தரேன். வீட்டுக்காரருக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸ்னு சொன்னாங்க. வேலை போனா காப்பீடும் போயிடும். பாவம், அவர் என்ன செய்வாரு?”

குரலில் கனிவு இருந்தது. அந்தக் கனிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“மாத்தலைன்னா?”

“நான் மிரட்டறேனா என்ன? சாயங்காலத்துக்குள்ள மாத்திடுங்க.”

போன விளையாட்டில் நெட்டையன் இப்படித்தான் ஒரு பிழையைச் ‘சிறியது’ ஆக்கிக் கொடுத்தான். அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தபோது, சோதித்தவர்கள் கோட்டை விட்டுவிட்டார்கள் என்று முதலாளி கையைக் கழுவிக்கொண்டார். பட்டியலில் நெட்டையன் பெயர்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவனை யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. போன மாதம் இதே அலுவலகத்துக்குப் பார்சல் கொண்டுவந்தான். கையெழுத்து வாங்கும்போது அவள் முகத்தை அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

இடத்துக்கு வந்தவள் மவுஸைப் பிடித்த கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் தன் பாட்டுக்கு வழிந்தது. எதிர் மேசை மீசைக்காரன் எழுந்து வந்து கேட்டான். மறைக்கத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மற்ற ஐந்து பேரும் நாற்காலியைத் திருப்பிக் கேட்டார்கள்.

“நீங்க குறைச்சுடுங்க அக்கா,” என்றான் மீசைக்காரன். “மாமா உயிரு முக்கியம். உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்.”

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்ப் படகில் ஏறினான். ஏழாவது தடவையில் எல்லாம் அழிந்தது. அதே பிழையைத் தன் பெயரில் எழுதி, ‘கடுமை’ என்று குறித்தான். யாரும் யாரிடமும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. மதியத்துக்குள் பட்டியலில் ஆறு பேருடைய பெயரும் ஏறிவிட்டது. போன மாதம்தான் கல்யாணமாகி, வீட்டுக்கடன் வாங்கியிருந்த பெண்ணின் பெயரும் அதில் இருந்தது.

அவள் வராந்தாவுக்குப் போய்க் கணவனுக்குப் போன் செய்தாள். சிகிச்சை இயந்திரத்தின் முனகல் கேட்டது.

“என்னங்க, நான் எழுதினதை மாத்தச் சொல்றாங்க. மாத்தலைன்னா காப்பீடு போயிடும்.”



“மத்தவங்க?”

“ஆறு பேரும் எழுதிட்டாங்க. என்னை மட்டும் மாத்திக்கச் சொல்றாங்க.”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா என்னைச் சாக்கு வெச்சு மாத்தாதே. அப்புறம் நீ என் முகத்தைப் பாக்கவே யோசிப்பே.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அவள் எழுதியது எழுதியபடியே இருந்தது.

சாயங்காலம் கூப்பிடும்வரை காத்திராமல் ஏழு பேரும் முதலாளி அறைக்குள் போனார்கள். அவர் திரையில் இருந்த பிழைப் பட்டியலைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார்.

“ஏழு பேரையும் இப்பவே அனுப்பிட்டு வேற ஆளுங்களை எடுக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்?”

“எடுங்க சார்,” என்றாள் அவள். “அவங்களும் படகுல ஏறுவாங்க.”

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“கூட்டமா நின்னா பேச முடியாது. வெளிய இருங்க. ஒவ்வொருத்தரா கூப்பிடறேன்.”

ஒருவரும் வெளியே போகவில்லை.