முரசனின் மூன்றாம் தரம்

வருஷம் பூராவும் ஆர்தரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். மாம்பழக் கூழ் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் இருந்தால் தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. ஆனால் அறுப்பின் பண்டிகை அன்று சித்தூர் சபைக்கு அவர்தான் ராஜா. சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் பூசணிக்காய், வாழைத்தார், கோழி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் பந்தலில் வைத்து ஏலம் விடுவார்கள். விடுவது ஆர்தர். "ஒரு தரம்" என்று அடிவயிற்றிலிருந்து எடுத்தால் தெருமுனை டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

அந்தக் குரல்தான் அவரை வம்பில் மாட்டிவிட்டது. தங்கை மகள் டெபோரா திருப்பதியில் வீடியோ கேம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒலிப்பதிவு பார்க்கிறாள். மாமா ஏலம் விடுவதைப் போனில் பிடித்துக்கொண்டு போய்த் தன் மேலதிகாரிக்குப் போட்டுக் காட்டினாள். அந்த மனிதர் உடனே ஆளைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார். இப்படித்தான் ஆர்தர் 'ஏழாம் கோட்டை' என்ற விளையாட்டில் முரசன் ஆனார்.

முரசன் பெரிய வில்லன்கூட இல்லை, வில்லனுக்கு எடுபிடி. கோட்டையில் பிடிபட்டவர்களை ஒரு பலகை மேல் நிறுத்தி ஏலம் விடுவது அவன் வேலை. விளையாடுகிறவர் அவன் மூன்று எண்ணி முடிப்பதற்குள் 'கேள்' என்ற பட்டனை அமுக்கிக் கைதியை மீட்க வேண்டும். தவறினால், "மூணு தரம்!" என்று ஒரு இளிப்பு, முரசில் ஒரு அடி. பலகை திறந்து கைதி பள்ளத்துக்குள் போய்விடுவான். பிள்ளைகள் பெரிய வில்லனான கோட்டை ராஜாவை மறந்துவிட்டார்கள், முரசனைத்தான் கரித்துக்கொட்டினார்கள். இரண்டாம் பாகத்தில் அவனுக்கு இன்னும் நிறைய வேலை கொடுத்தார்கள். ஆர்தருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையன் போனில் தன் குரலைக் கேட்டால், தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

சபைக் கமிட்டிக்குப் புதுச் செயலாளராக வந்த ஸ்டான்லிக்கு இது பிடிக்கவில்லை.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளைங்கல்லாம் பயந்து போய்க் கீதுங்க. எங்க மோனிகா உங்க குரல் கேட்டாலே தலகாணிய மூஞ்சில வெச்சு அமுக்கிக்கிறா. அந்தக் குரலு சர்ச்சுல எதுக்கு?" என்றான் கமிட்டிக் கூட்டத்திலேயே.

"நாப்பது வருஷமா என் குரலுதாம்பா அது. கேமுதான் என்கிட்டருந்து வாங்கிக்கினு போச்சு," என்றார் ஆர்தர்.

போதகர் நடுவில் புகுந்து சமாதானம் பேசினார். இந்த வருஷம் ஆர்தரே விடட்டும், பிள்ளைகளால் ஏதாவது கலாட்டா ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து வேறு ஆள். இருக்கிறது ஒரே ஒரு பெருமை, அதையும் பிடுங்கிக்கொள்வார்களோ என்று ஆர்தர் நிஜமாகவே பயந்தார்.

பண்டிகை நாளில் முதல் பூசணிக்காயிலேயே ஆரம்பித்துவிட்டது. "ரெண்டு தரம்" என்று அவர் சொல்ல வேண்டியதுதான், பந்தலில் இருந்த பொடிசுகள் அத்தனையும் கட்டைவிரலைக் காற்றில் அமுக்கிக்கொண்டு, "கேள்! கேள்!" என்று கத்தின. பெற்றவர்கள் பாய்ந்து வாயைப் பொத்தினார்கள். ஊரே சிரித்தது, ஸ்டான்லி சிரிக்கவில்லை.

"சின்னப் புள்ளைங்க கேக்குறது கணக்குல வராது!" என்று மைக்கில் சட்டம் போட்டு, ஆர்தர் ஒருவழியாகப் பூசணிக்காயைத் தள்ளிவிட்டார். அடுத்து வந்தது ஒரு சிவப்புப் பெட்டைக்கோழி. ஸ்டான்லி வீட்டுக் காணிக்கை. போன மழைக்காலத்தில் மோனிகாவுக்கு டெங்கு வந்து பிழைத்ததற்காக நேர்ந்துகொண்ட கோழி.

வருஷா வருஷம் கோழி வாங்க வரும் கறிக்கடை பாஸ்கர், "ஆறு வந்தலு!" என்று தெலுங்கில் கேட்டார்.

"அறுநூறு, ஒரு தரம். அறுநூறு, ரெண்டு தரம்…"

"சொல்லாத தாத்தா!"

ஏழு வயது மோனிகா முன்னால் வந்து நின்றாள். கையை உயர்த்தியிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. "மூணு சொல்லாத! அத உள்ள தள்ளிடாத!"

மூணு என்று சொன்னால் இவள் அலறுவாள், ஸ்டான்லி ஜெயித்துவிடுவான், ஆர்தரின் ஏலம் விடும் வேலை போயிற்று. அதைவிட, இந்தக் குழந்தைக்கு இப்போது எதிரே நிற்பது தெருவில் மூன்றாவது வீட்டுத் தாத்தா இல்லை, முரசன். இவ்வளவு நாள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பூரித்ததற்கு அவருக்கே கூச்சமாகிவிட்டது.

அவர் ஸ்டான்லியைப் பார்த்தார். "ரெண்டே கால் தரம்," என்றார். ஸ்டான்லி தலையைக் குனிந்துகொண்டான். "ரெண்டரைத் தரம். காணிக்கைய திரும்ப எடுக்கக் கூடாதுதாம்பா. ஏலத்துல கேக்கலாம், துட்டு சர்ச்சுக்குத்தான் போவுது. ரெண்டே முக்கால் தரம்…"

"நைனா!" என்று அப்பாவைக் கூப்பிட்டாள் மோனிகா.

"எழுநூறு," என்றான் ஸ்டான்லி, குரலே எழும்பாமல்.

"எனக்கு வாணாம்பா, வேற கோழி கீது," என்று பாஸ்கர் ஒதுங்கிக்கொண்டார்.

இப்போது மூன்றாம் தரம் சொன்னால் கோழி அவளுக்கே. ஆனால் அது அவளுக்குப் புரியவில்லை. உயர்த்திய கையை இறக்காமல் நின்றாள். மூன்றாம் தரம் சொல்லாத ஏலம் செல்லாது என்று எத்தனையோ பேரிடம் சண்டை போட்டவர் ஆர்தர். இன்று அதைச் சொல்லாமலே மைக்கை அணைத்து வைத்துவிட்டு இறங்கி வந்து, கோழியை அவள் கையில் கொடுத்தார். எல்லாரும் ஸ்டான்லியைப் பார்த்தார்கள். அவன் பணத்தைக் காணிக்கைத் தட்டில் வைத்தான்.

மோனிகா கோழியை இறுக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். பிறகு நின்று கேட்டாள்:

"அடுத்த கேம்ல நீ நல்லவனா ஆயிடுவியா?"

மூன்றாம் பாகத்துக்குப் போன மாதம்தான் குரல் கொடுத்துவிட்டு வந்திருந்தார் ஆர்தர். கதையைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று டெபோரா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் குழந்தையிடம் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"இல்லம்மா. கடைசி வரைக்கும் கெட்டவன்தான். என்னையே பலகைல நிக்க வெச்சு ஏலம் வுடுவாங்க. யாரும் கேக்காட்டி உள்ள வுழுந்துடுவேன்."

அவள் கோழியின் முதுகைத் தடவிக்கொண்டே யோசித்தாள்.

"நான் கேள் அமுக்குறேன் தாத்தா," என்றாள்.

ஸ்டான்லி மேடைக்குப் போய் மைக்கை எடுத்து, பட்டனைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆர்தரிடம் நீட்டினான்.

"அங்கிள், வாழைத்தாரு காத்துக்கினு கீது. வாங்க."