சன்னம் பட்ட இடம்

சுபோதினிக்குக் கிடைத்த பிரிவை அந்த அலுவலகத்தில் யாரும் விரும்பிக் கேட்பதில்லை. பம்பலப்பிட்டியில் கடலைப் பார்த்த ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடி. அமெரிக்கக் கடை ஒன்றின் இணையத்தளத்துக்கு வருகிறவர்கள் எழுதும் கேள்விகளுக்கு இங்கிருந்து பதில் எழுத வேண்டும். கூடாரம், சப்பாத்து, தூண்டில் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. வேட்டைத் துவக்குகளுக்கான தோட்டாக்கள் விற்கும் ரவைப் பிரிவில்தான் வருகிறவர்கள் நிலைக்கவில்லை. இங்கிலீஷ் நன்றாக எழுதுகிறாள் என்று அவளை அங்கே போட்டார்கள். காலை வேலை அங்கே மட்டுமே இருந்தது. பின்னேரங்களில் அம்மாவைத் தனியே விட வேண்டியதில்லை என்று அவளும் சம்மதித்தாள்.

அம்மா நாகேஸ்வரி என்ன வேலை என்று கேட்டபோது, "காட்டுக்கு, மலைக்குப் போறாக்களுக்குச் சாமான் விக்கிற கடை அம்மா" என்றாள். அது பொய்யில்லை. அம்மாவும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் அவர்களுடைய வீடு. அம்மாவுக்கு இடது தொடையில் போரில் பாய்ந்த உலோகத் துண்டு இன்னும் இருக்கிறது. லிஃப்ட் பழுதாகும் நாட்களில் அவர் கீழே இறங்குவதில்லை. முன்னறைச் சுவரில் மகன் கஜீவனின் படம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, மேல் உதட்டில் அரும்பிய மீசை. அந்தப் படத்தில் அவனுக்குப் பதினாறு வயது. பதினெட்டை அவன் காணவில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் சுபோதினி வாசிக்க வேண்டியவை நிறைய இருந்தன. எந்தத் துவக்குக்கு எந்த ரவை, ரவையின் முனையிலிருந்து பறக்கும் எந்தச் சன்னம் எவ்வளவு தூரம் போகும், பட்ட பிறகு என்ன செய்யும். மற்றவர்கள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விலையை மட்டும் மனப்பாடம் செய்தார்கள். அவள் எல்லாவற்றையும் வாசித்தாள். வாசிக்க வாசிக்க நிறுத்த முடியவில்லை. மிருகத்துக்கு நெஞ்சில் பட்டால் எப்படி, வயிற்றில் பட்டால் எப்படி என்று படம் போட்டு எழுதியிருந்த பகுதியை வாசித்த அன்று மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

லோயிட் என்பவர் எழுதியது ஒரு செப்டெம்பர் மாதக் காலையில். அங்கே அவருக்கு முதல் நாள் மாலை. மொன்டானாவில் இருக்கிறாராம், அறுபது வயது தாண்டிவிட்டதாம். வருகிற மாதம் எல்க் வேட்டைக்குப் போகிறார். எல்க் என்பது எங்கள் காட்டு மரையைப் போன்ற மிருகம், ஆனால் அதைவிட மிகப் பெரியது. முழங்கால் வலியால் மலை ஏறி அதற்குக் கிட்டப் போக முடியாது, தூரத்திலிருந்துதான் சுட வேண்டும், நல்ல ரவை ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்.

இப்படிக் கேட்பவர்களுக்கு அனுப்பவென்று எழுதிவைத்த பதில் ஒன்று இருந்தது. நெடுந்தூரத்துக்கென்று வந்த விலை கூடிய ரவையின் பெயர் அதில் இருக்கும். அதை அனுப்பத்தான் அவள் போனாள். அதற்குள் லோயிட் இன்னொன்று எழுதினார்.

"போன வருடம் எழுநூறு கெஜத் தூரத்திலிருந்து சுட்டேன். காற்று தள்ளிவிட்டது. வயிற்றில் பட்டு ஓடிவிட்டது. மறுநாள் மத்தியானம்தான் கண்டுபிடித்தேன். அப்போதும் உயிர் இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. இந்த முறை அப்படி நடக்கக் கூடாது. உடனே முடிய வேண்டும்."

சுபோதினி கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு எழுதிவைத்த பதிலை விட்டுவிட்டுத் தானே எழுதத் தொடங்கினாள்.

உங்கள் துவக்குக்கு இருநூறு கிரெயின் எடையுள்ள சன்னம் பொருந்தும் என்று எழுதினாள். செம்பு உறையும் உள்ளே இருக்கும் ஈயமும் ஒன்றாக ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். மென்மையான சன்னம் கிட்டத்தில் எலும்பில் பட்டால் சிதறிவிடும், உள்ளே போகாது. ஆனால் எந்தச் சன்னமும் தூரம் போகப் போக வேகம் இழக்கும். வேகம் குறைந்தால் பட்ட இடத்தில் விரியாது. ஊசி போலத் துளைத்துக்கொண்டு மறுபக்கத்தால் போகும், மிருகம் ஓடும். விரியத் தேவையான வேகம் பெட்டியில் போட்டிருக்கிறது, வேகம் அதற்குக் கீழே போகும் தூரத்தில் சுட வேண்டாம். காற்றுக்கு இவை எதுவும் தெரியாது. நெஞ்சுக்கு வைத்த குறியை அது வயிற்றுக்குக் கொண்டுபோகும். ஒரு சாப்பாட்டுத் தட்டை எவ்வளவு தூரத்தில் வைத்தால் ஒவ்வொரு முறையும் உங்களால் அடிக்க முடியுமோ, அவ்வளவுதான் உங்கள் தூரம்.

"நானூறு கெஜத்துக்குள்" என்று லோயிட் எழுதினார்.

"அப்படியானால் மிருகம் நானூறுக்குள் வரட்டும். வராவிட்டால் சுடாமல் திரும்பி வாருங்கள்."

பிறகு கேட்டார்: "நீங்கள் வேட்டைக்குப் போகிறவரா?"

"இல்லை."

"பிறகு எப்படி இவ்வளவும்?"

"வாசித்ததுதான்" என்று எழுதி முடித்தாள். எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள்.

லோயிட் விலை குறைந்த ரவையைத்தான் வாங்கினார். ஆனால் கடைக்காரருக்கு அவளைப் பற்றி நீளமாக ஒரு பாராட்டு எழுதிப் போட்டார். இத்தனை வருடத்தில் என்னிடம் உண்மை பேசிய விற்பனையாளர் இவர் ஒருவர்தான் என்று. அது அமெரிக்காவிலிருந்து கொழும்புக்கு வந்தது. சுபோதினியின் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவள் டில்ஷானி, கொட்டாஞ்சேனைப் பெண். அந்த ஞாயிறு பூசை முடிந்து ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளவத்தைக்கு வந்து நின்றாள்.

"அன்ட்டி, உங்கட மகளைப் பத்தி ஒஃபிஸ் முழுக்கக் கதை" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுபோதினி அடுப்படியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்ன செய்தவள், பிள்ளை?"

"தெரியாதா? எங்கட புலட் எக்ஸ்பர்ட் இவதான் அன்ட்டி. எந்த ரவை பட்டா மிருகம் உடனே சாகும், எங்க பட்டா எவ்வளவு நேரம் எடுக்கும், எல்லாம் விரல் நுனில வச்சிருக்கிறா. அமெரிக்காக்காரன் ஒருத்தன் வேட்டைக்கு இவகிட்டத்தான் கேட்டுட்டுப் போறான்."

தேத்தண்ணியோடு வந்த சுபோதினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். டில்ஷானிக்குக் கேக்கை வெட்டிக் கொடுத்தார், கொட்டாஞ்சேனைக்கு எந்த பஸ் நல்லது என்று விசாரித்தார், கதவு வரை போய் வழியனுப்பினார். டில்ஷானி சொன்னதில் அவளுக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. சுபோதினிக்குத் தம்பி ஒருவன் இருந்தான் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். எப்படிப் போனான் என்று அவள் கேட்டதுமில்லை, இவள் சொன்னதுமில்லை.

கதவு சாத்தியதும் அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கழுவிக் கவிழ்த்துவிட்டு, முன்னறைக்கு வந்து கதிரையில் இருந்தார்.

"சன்னமோ விக்கிறாய்?"

"அம்மா, நான் விக்கேல்லை. கேக்கிறாக்களுக்குப் பதில் எழுதுறன். அவ்வளவுதான்."

"நான் உன்னைக் குறை சொல்லேல்லை. வேலைதானே." அம்மா தன் தொடையைத் தடவிக்கொண்டார். "உனக்கு அதெல்லாம் தெரியும் எண்டு அந்தப் பிள்ளை சொல்லுது. அப்ப ஒண்டு கேக்கிறன். வயித்தில பட்டால் எவ்வளவு நேரம்?"

சுபோதினி அம்மாவுக்கு எதிரில் வந்து நின்றாள். "ஏன் அம்மா இப்ப?"

"தம்பிக்கு வயித்திலதான் பட்டது எண்டு முகாமில ஒரு மனிசி எனக்குச் சொன்னவ. நீ அந்த இடத்திலேயே போயிட்டான் எண்டு சொன்னனி. நான் அவவை நம்பேல்லை, உன்னைத்தான் நம்பினனான். இவ்வளவு காலமும் கேக்கேல்லை. இப்ப நீ படிச்சும் வைச்சிருக்கிறாய். சொல்லு."

போரின் கடைசி வருடம், அந்தச் சித்திரை மாதம் அம்மா பிள்ளைகளோடு இல்லை. காலில் காயப்பட்டு, காயக்காரரை ஏற்றிய கப்பலில் திருகோணமலைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் கடற்கரை மணலில் வெட்டிய பதுங்குகுழியில் இருந்தார்கள். கஜீவன் அரிசி வாங்க வெளியே போனபோதுதான் பட்டது. எந்தப் பக்கத்திலிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. சில மாதங்கள் கழித்து வவுனியா முகாமில் ஊன்றுகோலோடு நின்ற அம்மாவைக் கண்டபோது, அவருடைய கண்களைப் பார்த்து வாயில் வந்ததைச் சுபோதினி சொன்னாள். உடனே போயிட்டான் அம்மா, அவனுக்கு ஒண்டும் தெரியேல்லை. என்ன திகதி என்று அம்மா கேட்டார். பட்ட திகதியைச் சொன்னாள். முகாமில் இருந்த ஐயர் ஒருவர் கணக்குப் பார்த்து, தேய்பிறைத் தசமி என்றார். அன்றிலிருந்து வருடா வருடம் சித்திரைத் தசமியில் அம்மா திவசம் கொடுத்துவந்தார்.

"மூண்டாம் நாள் விடியப்புறம்தான் அம்மா" என்றாள் சுபோதினி.

அம்மா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பக்கத்தில இருந்தனான். கடைசி வரைக்கும் இருந்தனான்."

"மருந்து?"

"ஒண்டும் இல்லை. காயத்தைக் கட்டி விட்டவை, அவ்வளவுதான்."

"கத்தினவனோ?"

"முதல் நாள். பிறகு இல்லை. பிறகு உங்களைப் பற்றித்தான் கதைச்சவன். கப்பல் போய்ச் சேர்ந்திருக்குமோ எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவன்."

"தண்ணி கேட்டவனோ?"

சுபோதினி தலையாட்டினாள்.

"குடுத்தனியோ?"

"வயித்துக் காயத்துக்குக் குடுக்கக் கூடாது எண்டு சொன்னவை. துணியை நனைச்சு உதட்டில வைச்சனான். குடுக்காட்டில் பிழைப்பான் எண்டு நினைச்சனான், அம்மா."

அம்மா படத்தைப் பார்த்தார். "குடுத்திருக்கலாம்" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதனால்தான் சுபோதினியால் தாங்க முடியாமல் போயிற்று. கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, அம்மாவின் காயமில்லாத முழங்காலில் தலையை வைத்து அழுதாள். அவர் ஒரு கையை அவள் தலையில் வைத்தார். அவர் அழவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ப துவாதசி."

"என்ன அம்மா?"

"அவன்ர திதி. துவாதசியெல்லோ. நான் இவ்வளவு காலமும் தசமியில படைச்சுக்கொண்டிருந்திருக்கிறன். உயிரோட கிடந்த பிள்ளைக்கு."

அதுதான் அவரை உடைத்தது. மூன்று நாட்கள் வலியோடு கிடந்தான் என்பதை எப்படியோ உள்ளுக்குள் அவர் முன்பே அறிந்திருந்தார் போலும். ஆனால் அவன் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நாளில் பிண்டம் வைத்துவிட்டோம் என்பது அவருக்குப் புதிது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடினார். சுபோதினி அவருடைய கால்களைப் பிடித்தபடி இருந்தாள்.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. லிஃப்ட் வேலை செய்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். ஐயர் இளவயதுக்காரர். அம்மா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"அறியாமல் செய்ததுக்குக் குற்றமில்லை அம்மா. இனி துவாதசியில செய்யுங்கோ."

"இதுவரைக்கும் செய்தது அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமோ?"

"சேர்ந்திருக்கும்" என்றார் ஐயர். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். அதை அம்மாவும் கவனித்தார்.

சுபோதினி தன்னை வேறு பிரிவுக்கு மாற்றும்படி டில்ஷானியிடம் கேட்டாள். காரணத்தையும் சொன்னாள். டில்ஷானி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் வாயை வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கணும், சுபோ" என்றாள். அவளைச் சப்பாத்துப் பிரிவில் போட்டார்கள், பின்னேர வேலைக்கு. அங்கே எந்தச் சப்பாத்து நனையாது என்றுதான் கேட்டார்கள்.

அடுத்து வந்த சித்திரையில் தசமியன்று அம்மா ஒன்றும் சமைக்கவில்லை. பகல் முழுவதும் சாப்பிடாமல் படுத்திருந்தார். அடுத்த நாளும் அப்படியே. துவாதசியன்று விடிய எழும்பி, நொண்டி நொண்டி நின்று கத்தரிக்காய் பொரித்த குழம்பும் பயற்றம் பணியாரமும் தன் கையால் செய்தார். சுபோதினியை அடுப்படிக்குள் விடவில்லை. படைத்து முடிந்ததும் இரண்டு பேரும் இலையின் முன்னால் இருந்தார்கள். அம்மா கொஞ்சச் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார், பிறகு கையை எடுத்தார்.

"அவனைப் புதைச்ச இடத்தில மணலோ, மண்ணோ?" என்று கேட்டார்.

"மணல் அம்மா."

"ஆர் கிடங்கு வெட்டினது?"

"நானும் பக்கத்துப் பதுங்குகுழியில இருந்த ஒரு ஐயாவும்."

"ஆழமாயோ?"

சுபோதினி சொன்னாள். தெரிந்ததையெல்லாம், கேட்ட ஒழுங்கிலேயே, ஒன்றையும் மாற்றாமல் சொன்னாள். வெளியே கடற்கரை ரயில் ஒன்று கடந்து போனது. அது போய் முடியும் வரைக்கும் அம்மா காத்திருந்துவிட்டு, அடுத்ததைக் கேட்டார்.