அண்ணியின் இடது முட்டி

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிரிண்டர் அக்கா என்று பெயர். நியமனக் கடிதத்தில் ஒன்றரை வரி நீளத்துக்கு வேறொரு பதவிப் பெயர் இருக்கிறது; அதை முழுதாகப் படித்தவர் யாருமில்லை. அவளிடம் இருப்பது எலும்பை அச்சடிக்கும் மெஷின் என்பது தெரியாமல், வாரத்துக்கு இரண்டு பேராவது சான்றிதழை நீட்டி இரண்டு காப்பி எடுத்துத் தரச் சொல்வார்கள். முதல் வருஷம் பொறுமையாக விளக்கம் சொன்னாள். இப்போது மூன்றாவது மாடிக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டுவதோடு சரி. நாமும் அவளை அக்கா என்றே சொல்லலாம்.

அவள் அறை கீழ்த்தளத்தில், முன்பு படுக்கை விரிப்புகளை அடுக்கிவைத்திருந்த இடம். ஜன்னல் கிடையாது. முட்டியில் ஜவ்வு அறுந்தவர்களின் ஸ்கேன் படங்கள் அங்கே வரும். முட்டிக்கு மேலும் கீழும் எலும்பில் ஓட்டை போட்டு, அதன் வழியாகப் புது ஜவ்வைக் கோத்து இழுத்துக் கட்டுவதுதான் ஆபரேஷன். ஓட்டை சரியான இடத்தில் விழ வேண்டும்; மற்றதெல்லாம் அப்புறம். ஸ்கேனில் எலும்பின் ஓரத்தைப் படம் படமாகப் பிடித்து, அந்த ஆளின் எலும்பில் மட்டுமே கச்சிதமாக உட்காரும் ஒரு சின்னக் கட்டையை அக்கா வரைந்து அச்சடிப்பாள். அதற்குக் கைடு என்று பெயர். அதில் இருக்கும் துளைக்குள் டாக்டர் டிரில்லை விட்டால் போதும், கண் மதிப்புக்கு வேலையில்லை. கைடு சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, எலும்பையும் அதே அளவில் ஒரு மாடலாக அடித்துக்கொள்வாள். ஆபரேஷன் முடிந்து போகிறவர்களுக்கு அந்த மாடலைக் கொடுத்துவிடுவது வழக்கம். சிலர் அதை ஷோகேசில் வைக்கிறார்களாம். அவரவர் ரசனை.

அன்று காலை அவள் திறந்த படம் அண்ணியுடையது.

அண்ணி டவுன் பஸ் டிரைவர். டிரைவராக இருந்தாள் என்று சொல்வதுதான் சரி. மூன்று வருஷத்துக்கு முன் மழையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடது முட்டி திரும்பி ஜவ்வு அறுந்தது. கிளச் மிதிக்கிற கால். எங்கள் சீஃப் டாக்டர் கைராசிக்காரர் என்று பெருமையாகக் கூட்டிவந்தவள் அக்காதான். அப்போது பிரிண்டர் வரவில்லை. அக்கா ஸ்கேன் பிரிவில் இருந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஆனால் முட்டி மடங்க மாட்டேன் என்றது.

வீட்டில் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தால் போதும், குடும்பத்துக்கே அவர்தான் டாக்டர். அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்த அக்கா தினமும் மாலை கீழே இறங்கி வந்து, அண்ணியைக் குப்புறப் படுக்கவைத்து, குதிகாலைப் பிடித்து முட்டியை மடக்குவாள். அண்ணி வலிக்குது என்பாள். வலிக்கத்தான் செய்யும், டிமிக்கி கொடுக்காதீங்க என்று அக்கா இன்னும் கொஞ்சம் அழுத்துவாள். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணன், "இன்னும் பத்து எண்ணு பாப்பா" என்பார். நாற்பத்து மூன்று வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

எட்டாவது மாதம் முட்டி தொளதொளவென்று ஆனது. ஒன்றரை வருஷத்தில் புது ஜவ்வும் போனது. அண்ணியை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரவைத்தார்கள். இப்போது அதே முட்டிக்கு இரண்டாவது ஆபரேஷன். எக்சர்சைஸ் ஒழுங்காகச் செய்யாததால் வந்த வினை என்பது வீட்டில் தீர்ந்துபோன வழக்கு. யார் வந்தாலும் அண்ணன் அதை ஒருமுறை ஒப்பிப்பார். அண்ணி மறுத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

படத்தில், முட்டிக்கு மேல் எலும்பில், பழைய ஓட்டை தெளிவாகத் தெரிந்தது. இருநூறு கைடுக்கு மேல் போட்டவளுக்கு ஓட்டை எங்கே இருக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். இது முன்னால் தள்ளி இருந்தது. அளந்தாள். ஏழு மில்லிமீட்டர். ஒருவேளை படத்தைத்தான் தப்பாகத் திருப்பிவிட்டோமோ என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்து அளந்தாள். மறுபடியும் ஏழு. அதற்கு மேல் அளக்க அவளுக்குத் தெம்பில்லை.

புது ஓட்டை எங்கே என்பதைச் சீஃப் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கைடு அச்சுக்குப் போகும். காலையிலிருந்து மூன்று ஆபரேஷன் முடித்துவிட்டு, ஷூவைக் கழற்றிக் காலை எதிர் நாற்காலியில் நீட்டியிருந்தார். திரையில் எலும்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவருக்கு யாரும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை.

"முன்னாடி போயிருக்கு," என்றார்.

அந்தக் காலத்தில் முட்டிக்குள் விடும் கேமராவில் தெரிவதை வைத்துத்தான் எல்லோரும் ஓட்டை போட்டார்கள், கோணம் ஏமாற்றிவிடும் என்றார். பொய்யில்லை. அதற்காகத்தானே இந்த மெஷினை வாங்கச் சொல்லி இரண்டு வருஷம் அலைந்தேன் என்றார். அதுவும் பொய்யில்லை. அக்காவுக்குத் தெரிய வேண்டியது வேறு.

"முன்னாடி இருந்தா, மடக்கும்போது ஜவ்வு இழுபடும்தானே சார்?"

"ஆமா."

"விடாம மடக்கிக்கிட்டே இருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "கொஞ்சம் கொஞ்சமா நீண்டு தளர்ந்துரும்மா. அப்புறம் அறுந்துரும்."

பழைய ஃபைலைப் புரட்டினார். பயிற்சியில் ஒத்துழைப்புப் போதாது என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அப்போது நீங்கள்தான் சொன்னீர்கள் என்று ஞாபகப்படுத்தினார். குத்திக்காட்டவில்லை. உண்மையும் அதுதான். செக்கப்புக்கு வந்தபோது வீட்டில் செய்கிறார்களா என்று அவர் கேட்க, அண்ணி வாயைத் திறப்பதற்குள், ஏமாத்துறாங்க சார் என்று அக்கா சிரித்தபடி முந்திக்கொண்டாள்.

சீஃப் டாக்டர் ஃபைலை மூடினார். மாடலில் மட்டும் பழைய ஓட்டையை அடைத்துவிடச் சொன்னார். வீட்டுக்குப் போகிற பொருள், எதற்கு வீண் பேச்சு, இந்த முறை சரியாக வந்துவிட்டால் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர். அக்காவும் களைத்துப்போனவள்தான். சரி சார் என்றாள்.

அடைப்பது ஒரு வேலையே இல்லை. ஓட்டையைச் சுற்றி வட்டம் போட்டு ஒரு தட்டுத் தட்டினால் எலும்பு மூடிக்கொள்ளும். தட்டினாள். கைடும் மாடலும் அச்சாகி வந்தன. கைடு எலும்பில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. அந்த வருஷத்தில் அவள் செய்ததிலேயே நல்ல கைடு அதுதான். பழைய ஓட்டை இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப்பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, கூடவே நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிதான் அவளை அதிகமாக அருவருக்கவைத்தது.

ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய நாளுக்கு முந்தின மாலை அவள் கீழே போனபோது, அண்ணி பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். துண்டு, இரண்டு நைட்டி, சார்ஜர். அண்ணன் அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து தன் தலையில் விழப்போவதற்கு ஒத்திகை. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

அண்ணி பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"இந்தத் தடவை ஒழுங்கா செய்யறேன். நீயே வந்து மடக்கிவிடு. நான் வலிக்குதுன்னு சொன்னாலும் விட்டுராத."

அக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முட்டியைத்தான் பார்த்தாள். பழைய தையல் வரி, தோலின் நிறத்தோடு கலந்துபோயிருந்தது. சொல்லக் கூடாது என்பதற்கான காரணங்கள் எல்லாம் அவளிடம் இருந்தன. டாக்டர் மேல் நம்பிக்கை போய்விடும். நாளைக்கு ஆபரேஷனுக்கு வரமாட்டாள். தன் வேலைக்கு ஆபத்து. ஒன்றையும் எடுத்துப் பேசும் அளவுக்கு அவளிடம் சக்தி மிச்சமில்லை.

"அண்ணி, நீங்க ஒழுங்காத்தான் செஞ்சீங்க," என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஓட்டை தள்ளிப் போட்டிருந்தது, மடக்க மடக்க ஜவ்வு இழுபட்டது, செய்யாததால் இல்லை, செய்ததால்தான் அறுந்தது. தான் பிடித்து அழுத்தியதும் அதில் சேர்த்தி. மாடலில் ஓட்டையை அடைத்ததைக்கூட விடவில்லை. இந்த முறை இடத்தைத் தானே குறித்திருப்பதாகவும், கைடு வேறு எங்கும் உட்காராது என்றும், வேண்டுமானால் வேறு டாக்டரிடம் போகலாம் என்றும் சொன்னாள். தன் குரலே அவளுக்கு யாரோ பேசுவது மாதிரி கேட்டது.

அண்ணி கத்தவில்லை. அழவும் இல்லை. முட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு தனியா வேற செய்வேன்," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் தூங்கிட்டு இருப்பீங்க. நூறு எண்ணுவேன். ஆனா எல்லாரும் செய்யல செய்யலைன்னு சொல்லிச் சொல்லி, எனக்கே சந்தேகம் வந்துருச்சு. எண்ணிக்கைய விட்டுட்டேனோன்னு மறுபடியும் முதல்ல இருந்து எண்ணுவேன்."

மன்னிச்சிருங்க என்று அக்கா ஆரம்பித்ததை அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"வலிக்குதுன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க அண்ணி. தினமும் சொன்னீங்க."

அண்ணி தலையை ஆட்டினாள். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, கணவரைக் கொஞ்சம் வரச்சொன்னாள். குழாயை நிறுத்தும் சத்தம் கேட்டது. அண்ணன் ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்று, என்ன ஆச்சு பாப்பா என்றார்.

"உக்காருங்க," என்றாள் அண்ணி. அவர் உட்காரும்வரை காத்திருந்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"முதல்ல இருந்து சொல்லு. மெதுவா சொல்லு, அவருக்குப் புரியணும்."