வராதவர்களின் வருகை

பள்ளியில் அவளுக்கு ரெஜிஸ்டர் அக்கா என்றுதான் பெயர். பதினாறு வருடமாக வருகைப் பதிவேடு அவள் பொறுப்பு. காய்ச்சல் என்று விடுப்புச் சீட்டு வந்தால் முதலில் கையெழுத்தைத்தான் பார்ப்பாள். அப்பா போட்டதா, பிள்ளை போட்டதா என்று பேனாவின் இழுப்பிலேயே சொல்லிவிடுவாள். பஸ் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவர், "உங்கிட்ட ஒருத்தன் வணக்கம் சொன்னா, எதுக்குச் சொன்னான்னு ரெண்டு நாள் யோசிப்ப" என்று கேலி செய்வார். அவள் சிரித்துவிட்டு, அதையும் ஏன் சொன்னார் என்று யோசிப்பாள்.

அந்த வருடம் பள்ளி, வெளிநாட்டுப் பள்ளிகள் மூன்றுடன் கைகோத்தது. பிள்ளைகள் படிப்பை நடுவில் விடாமல் பார்த்துக்கொள்வது, ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி தனித்திட்டம் போட்டுச் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு. நான்கு நாட்டு ஆசிரியர்களும் மாதம் ஒருமுறை கணினித் திரையில் கூடிப் பேசினார்கள். இங்கே பதினோரு பிள்ளைகள் தனித்திட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் கணக்கு சாரின் பொறுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் அவர் ஒரு தாளைக் கொண்டுவந்து வைப்பார். பதினோரு பெயர், ஐந்து நாள், எல்லாக் கட்டத்திலும் டிக்.

அதுதான் அவளை உறுத்தியது. பதினோரு பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூடச் சளி பிடிக்காத வாரம் உண்டா? அதிலும் அந்தப் பட்டியலில், எல்லோரும் வாயாடி என்று கூப்பிடும் பெண்ணும் இருந்தாள். வகுப்பில் அவள் இருந்தால் ஆபீஸ் வரைக்கும் சத்தம் கேட்கும். இரண்டு மாதமாக அந்தப் பக்கம் மூச்சுப் பேச்சு இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, கல்வி அலுவலகத்துக்கு ஒரு கட்டுத் தாளோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். மணி பதினொன்று. சிக்னலில் பஸ் நின்றது. எதிரே சலவைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வாயாடி படுக்கை விரிப்புகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை வந்த தாளில் செவ்வாய்க்கும் டிக் இருந்தது.

நேரே தலைமையாசிரியையிடம் போனாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் சார் பாத்துக்குவாரும்மா. அடுத்த வாரம் வெளிநாட்டுலேர்ந்து வர்றாங்க. நம்ம எண்ணிக்கை நல்லா இருக்கணும், இல்லையா?"

இருக்கணும் என்றால்? அவள் அந்தச் சொல்லையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கணக்கு சார் தினமும் இரண்டாம் மணி அடித்ததும் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவதும் நினைவுக்கு வந்தது.

திங்கள்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, சலவைக்கடைக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்குகிறவள்போல் நின்றாள். கணக்கு சார் வந்தார். முன்வாசல் திறந்திருக்க, சந்து வழியாகப் பின்வாசலுக்குப் போனார். பதினைந்து வயதுப் பெண் இருக்கும் இடத்துக்கு இந்த மனுஷன் ஏன் பின்வாசல் வழியாகப் போகிறார்? மாத்திரையை மேஜையிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

கதவைத் தள்ளினால் முகத்தில் நீராவி அடித்தது. மடிக்கும் மேஜையில் நோட்டு விரிந்து கிடந்தது. வாயாடி ஏதோ எழுதிக்கொண்டிருக்க, சார் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். அவளுடைய அம்மா, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டோடு, மறு கையால் தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, ரெஜிஸ்டர் அக்கா!" என்றாள் வாயாடி. "உக்காருங்க. மெஷின் நிக்க இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம் இருக்கு. அதுவரைக்கும்தான் எனக்குப் பள்ளிக்கூடம்."

"முன்பக்கமா வந்தா முதலாளி முறைக்கிறாரு" என்றார் சார், கேட்காமலே. "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அம்மாவுக்குப் பதிலா இவதான் வேலை பாக்கணும். வெளிநாட்டுல ஒரு பள்ளிக்கூடத்துல மீன்பிடித் துறைமுகத்துக்கே போய்ப் பாடம் எடுக்கறாங்களாம். திரையில பேசறப்போ சொன்னாங்க. இது திட்டத்துலயே இருக்கு, மேடம்."

அவள் மூச்சு சீரானது. ஆனால் சந்தேகம் அவ்வளவு சுலபத்தில் விடுமா?

"பதினோரு பேருக்கும் இப்படித்தானா, சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீராவியில் அது மறுபடி மங்கியது. "ஒன்பது பேருக்கு."

"மிச்சம் ரெண்டு?"

"ஒருத்தி வீடு பூட்டிக் கிடக்கு. கட்டட வேலைக்குக் குடும்பத்தோட எல்லை தாண்டிப் போயிட்டாங்கன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. இன்னொருத்தி எங்கேன்னே தெரியல, எப்பப் போய்த் தட்டினாலும் கதவு திறக்கல. பதிவேட்டுல 'வரவில்லை'ன்னு சிவப்பு விழுந்தா திட்டத்தையே நிறுத்திடுவாங்கன்னு தலைமையம்மா பயந்தாங்க. நானும்... போட்டுட்டேன்."

"நீங்க டிக் போட்டா, அந்த ரெண்டு பிள்ளைங்களையும் யாருமே தேட மாட்டாங்களே சார்!"

அவள் பள்ளிக்குத் திரும்பிப் பதிவேட்டைத் திறந்தாள். சார் முதல்முறை அந்த வீடுகளுக்குப் போன தேதியைக் கேட்டு வாங்கி, அன்றிலிருந்து இரண்டு பெயருக்கும் சிவப்பு மையில் 'வரவில்லை' என்று எழுதினாள். தலைமையாசிரியை பார்த்துவிட்டு, "என்னை மாட்டிவிடப் பாக்கறியா?" என்றார். "இல்லம்மா. ரெண்டு பேரைக் காணோம்னு எழுதியிருக்கேன்" என்றாள் இவள்.

அடுத்த வாரம் வந்த வெளிநாட்டு ஆசிரியை, நரைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பதிவேட்டில் விரல் சிவப்பிலேயே நின்றது. தலைமையாசிரியையின் முகம் வெளிறியது. ரெஜிஸ்டர் அக்கா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மொழிபெயர்க்க வந்த இளைஞர் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். வந்தவர், எல்லை தாண்டிப் போன சிறுமியின் பெயர், பிறந்த தேதி, தனித்திட்டம் எல்லாவற்றையும் கேட்டார்.

"எதுக்குன்னு கேளுங்க" என்றாள் இவள், தாளை மார்போடு அணைத்துக்கொண்டு. "பிள்ளையோட பேப்பரை யாருக்கும் சும்மா தூக்கிக் குடுத்துட மாட்டேன்."

இளைஞர் கேட்டுச் சொன்னார்: "கட்டட வேலைன்னா அவங்க நாட்டுக்குத்தான் அந்தக் குடும்பம் போயிருக்கணுமாம். புதுசா வந்த பிள்ளைங்க பட்டியல்ல தேடறேங்கறாங்க. நீங்க சந்தேகப்படறது சரிதானாம். அவங்களும் குடுத்திருக்க மாட்டாங்களாம்."

அவள் அப்போதும் தனித்திட்டத்தைக் கொடுக்கவில்லை. பெயரும் தேதியும் மட்டும் எழுதிக்கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சிறுமி அங்கே ஒரு பள்ளியில் இருக்கிறாள். பழைய சான்றிதழ் எதுவும் இல்லாததால் இரண்டு வகுப்பு கீழே உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டு நாளாக வகுப்புக்கு வரவில்லை. கணக்கு சார் திரையைப் போடச் சொன்னார். மறுநாள் திரையில் சிறுமியும் அப்பாவும் தெரிந்தார்கள். ரெஜிஸ்டர் அக்கா அவளிடம் அப்பா பெயர், வகுப்பு ஆசிரியர் பெயர், முன்பு உட்கார்ந்த பெஞ்சு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தாள். கடைசிக் கேள்விக்குச் சிறுமி, "அக்கா, நான்தான்!" என்று அழுதேவிட்டாள். அப்புறம்தான், அப்பாவின் சம்மதத்தோடு, தனித்திட்டம் அனுப்பப்பட்டது. அடுத்த திங்கள்கிழமை அவளை அவளுக்குரிய வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

திட்டத்தை யாரும் நிறுத்தவில்லை. தலைமையாசிரியை ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். இன்னொரு சிறுமி மட்டும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை ரெஜிஸ்டர் அக்காவும் கணக்கு சாரும் அவள் முகவரிக்குப் போனார்கள். கதவைத் திறந்த பெண்மணி, அப்படி யாரும் இங்கே இருந்ததே இல்லை என்றாள்.

"சரி போகலாம்" என்றார் சார்.

அவள் நகரவில்லை. அந்தப் பெண்மணி பேசும்போது ஒருமுறைகூடக் கண்ணைப் பார்க்கவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். மறுபடியும் கதவைத் தட்டினாள்.