ஊர் முடித்த வழக்கு

மலையில் சில ஊர்கள் சேர்ந்த எங்கள் திண்ணனூர் நாட்டில் ஒருவன் தப்பு செய்தால், ஊர்க்கூட்டத்தில் ஒத்துக்கொண்டு விழுந்து கும்பிட வேண்டும். அதோடு முடிந்தது. பிறகு யாரும் அதைப் பேசக்கூடாது. வரப்புச் சண்டையில் தனபாலை வெட்டிய அப்பாசாமி அப்படித்தான் விழுந்தான். தனபாலே அவனைத் தூக்கிவிட்டான்.

ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போய்விட்டது. நாமக்கல் மாவட்டம் ஆன வருஷம் அது. கோர்ட்டில் கேட்டபோதும் அப்பாசாமி, "ஆமாங்க சாமி, நான்தான் வெட்டினேன்" என்று விழுந்து கும்பிட்டான். அதோடு முடிந்ததென்று நினைத்தான். மூன்று வருஷம் சேலம் ஜெயிலில் போட்டார்கள்.

அவன் திரும்பி வந்த சமயம், எஸ்டேட்டில் மிளகு பறிக்க ஆள் ஏற்ற மேஸ்திரி லாரியோடு வந்தார். எங்களோடு ஏறப்போன அப்பாசாமியை மட்டும் தடுத்தார்.

"ஜெயிலுக்குப் போனவன ஏத்துனா ஓனர் என்னைத் தொலச்சுருவாரு."

தனபால் லாரியிலிருந்து குதித்தான். சட்டையைக் கழற்றித் தோளிலிருந்த தழும்பைக் காட்டினான்.

"ஏனுங்க, வெட்டு வாங்குனவன் நானுங்க. எனக்கே பயமில்லீங்க. உங்க ஓனருக்கு என்னங்க பயம்?"

நாங்கள் சிரித்துவிட்டோம். மேஸ்திரி சிரிக்கவில்லை.

"உங்களுக்குள்ள நீங்க மன்னிச்சுக்கங்க. கேஸு கேஸுதான். நீ வாரியா, இல்ல அவனோட நிக்கிறியா?"

தனபால் நின்றான். அந்த வருஷம் அவன் காட்டில் மரவள்ளி முழுக்க அழுகிப்போயிருந்தது. பிள்ளைகள் சின்னதுகள். அது அப்பாசாமிக்கும் தெரியும்.

"ஏறு மச்சா, ஊட்டுல புள்ளைங்க இருக்குதுங்க" என்று அவனே தனபாலை லாரிப் பக்கம் தள்ளிவிட்டான்.

தனபால் ஏறி முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். ரோட்டில் நின்றவனை நாங்கள்தான் வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டு போனோம்.